இரண்டரை மில்லிமீட்டர் வெளிச்சம்

வெட்ஸ்லார்: கல்பாலம்

ஜெர்மனியில், லான் ஆற்றின் குறுக்கே பழைய கல்பாலம் ஒன்று இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அதன் மேல் நான் மட்டும் நின்றிருந்தேன். ஆறு ஓடும் சத்தமே கேட்கவில்லை. நெல்லைச் சீமைக்காரனுக்கு ஆறு என்றால் துணி துவைக்கும் ஓசையும் படித்துறைப் பேச்சும் சேர்ந்தது. இங்கே அன்னங்கள்கூடப் பேசாமல் மிதந்தன. கரையோரக் கல்லில் ஒரு வெள்ளை வாலாட்டி மட்டும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

சட்டைப் பையிலிருந்து பைனாகுலரை எடுத்தேன். லைக்கா அல்ட்ராவிட். எட்டு மடங்கு பெரிதாக்கும். முன்கண்ணாடியின் விட்டம் 20 மில்லிமீட்டர். எடை கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு கீல்களையும் மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பதினோரு வருடமாக என்னோடு இருக்கிறது. வயலுக்கு, பேருந்துக்கு, கல்யாண வீட்டுக்கு என்று எங்கு போனாலும் கூடவே வரும். அதைச் செய்யும் நிறுவனம் பிறந்த ஊர் இந்த வெட்ஸ்லார். பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்த மாதிரி ஒரு மகிழ்ச்சி எனக்குள் இருந்தது.

1849-இல் கார்ல் கெல்னர் என்பவர் இங்கே சிறிய ஒளியியல் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1869-இல் அது எர்ன்ஸ்ட் லைட்ஸ் கைக்கு வந்தது. லைட்ஸ், கேமரா: இந்த இரண்டின் முதல் எழுத்துகள் சேர்ந்துதான் லைக்கா. கேமராவுக்கு முன்பே, 1907-இல், அவர்கள் பைனாகுலர் செய்யத் தொடங்கிவிட்டார்கள். பழைய நகரத்தில் கவிஞர் கதே 1772-இல் சட்டப் பயிற்சிக்கு வந்து காதல்வசப்பட்ட கதையைச் சொல்லும் பலகைகள் நிறைய. அவற்றைத் தாண்டி ஐஸன்மார்க்ட் என்ற சிறிய சதுக்கத்துக்குப் போனேன். 1914-இல் ஆஸ்கர் பார்னாக் தன் முதல் சிறு கேமராவால் படமெடுத்த இடம் அது. அவர் நின்ற இடத்தைத் தரையில் அடையாளமிட்டிருக்கிறார்கள். நானும் அதன் மேல் நின்றேன்.

பார்னாக்குக்கு ஆஸ்துமா இருந்தது. மலையேறப் பிரியப்பட்டவர். அந்தக் காலத்துத் தட்டுக் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு ஏற அவருடைய நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. அதனால் சிறியதாக ஒன்றைச் செய்தார். அந்த அடையாளத்தின் மேல் நின்றபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒரு கருவி சிறியதாவதற்குப் பின்னால் அதைச் சுமக்கும் ஓர் உடம்பு இருக்கிறது.

அன்று மாலை ஒரு சிறிய உணவகம். நீலப் பூ வரைந்த சாம்பல் நிற மண்ஜாடியில் ஆப்பிள் மது வந்தது. கூடவே 'இசையோடு கைச்சீஸ்' என்று பெயர்கொண்ட ஒரு தட்டு: புளித்த பாலின் சிறு வட்டுகள், மேலே வினிகரில் ஊறிய வெங்காயம், கருஞ்சீரகம் போல் மணக்கும் ஒரு விதை. நாற்றம் முதலில் தடுத்தது. வெங்காயத்தோடு சேர்த்து மென்றதும் பழையதும் சின்ன வெங்காயமும் நினைவுக்கு வந்துவிட்டன. தட்டைக் காலி செய்தேன்.

பக்கத்து மேசைப் பெரியவர் என் பைனாகுலரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் லென்ஸ் மெருகிட்ட கை என்று பிறகு தெரிந்தது. கேட்டு வாங்கினார். எல்லோரும் செய்வதுபோல அவர் அதைக் கண்ணில் வைக்கவில்லை. கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் காட்டி, கண் வைக்கும் பக்கத்தைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கறுப்பு வட்டத்தின் நடுவே சின்னதாக ஒரு வெளிச்சப் பொட்டு.

"இருபதை எட்டால் வகுத்தால் இரண்டரை. இரண்டரை மில்லிமீட்டர். உன் கண்ணுக்குள் போவது இவ்வளவுதான்" என்றார் மெதுவான ஆங்கிலத்தில். "நல்ல வெயிலில் உன் கண்மணியே இரண்டு, இரண்டரைக்குச் சுருங்கிவிடும். அப்போது இது போதும். மங்கலில் கண்மணி விரியும். பொட்டு விரியாது."

பதினோரு வருடம் வைத்திருந்தும் நான் அந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கூந்தன்குளத்தில் விடியலில் நாரைகள் ஏன் எனக்குச் சாம்பல் உருவங்களாகவே தெரிந்தன என்பதற்கு அந்த மேசையில் விடை கிடைத்தது.

யேனா: உருளைக்கிழங்கு

யேனாவில் என் அக்கா மகள் ஒளியியலில் முதுகலை படிக்கிறாள். ரயிலடியில் என்னைப் பார்த்ததும் "மாமா, மெலிஞ்சுட்டீங்க" என்று பையைப் பிடுங்கிக்கொண்டாள். ஸாலே ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டுத் தெருவில், மூதாட்டி ஒருவரின் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். வீட்டுக்கார அம்மா கிழக்கு ஜெர்மனி நாட்களில் ஸைஸ் ஒளியியல் ஆலையில் வேலை பார்த்தவர். அன்று இந்தத் தெருவில் வீட்டுக்கொருவர் அங்கே வேலைக்குப் போனார்களாம். வீட்டின் சன்னல் திண்டில் ஒரு பழைய பைனாகுலர் இருந்தது. ஸைஸின் யெனோப்டெம், எட்டுக்கு முப்பது: எட்டு மடங்கு, முப்பது மில்லிமீட்டர் முன்கண்ணாடி. தோல் உரிந்திருந்தது. பால்கனிக்கு வரும் குருவிகளை அவர் தினமும் அதில்தான் பார்க்கிறார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊர் வழக்கப்படி ஞாயிறு மதியம் க்ளோஸெ என்ற உருளைக்கிழங்கு உருண்டை செய்ய வேண்டும். மூன்று பேரும் அடுக்களையில் கிழங்கு சீவ உட்கார்ந்தோம். பழைய பைனாகுலர் ஏன் தோள் அகன்று இருக்கிறது, என்னுடையது ஏன் இரண்டு நேர்க்குழாயாக இருக்கிறது என்று கேட்டேன். அக்கா மகள் ஒரு கிழங்கை எடுத்துக் கத்தியால் முக்கோணக் கட்டையாக வெட்டினாள்.

"முன்கண்ணாடி காட்டுறது தலைகீழ் உருவம் மாமா. அதை நிமிர்த்தத்தான் உள்ளே பட்டகம். இது போரோ பட்டகம். இப்படி ரெண்டைக் குறுக்கே வச்சா வெளிச்சம் வளைஞ்சு வளைஞ்சு வரும், அதான் அகலம்." இன்னொரு கிழங்கின் உச்சியைக் கூரைபோல் செதுக்கினாள். "இது கூரைப் பட்டகம். நேர்கோட்டிலேயே நிமிர்த்திடும், அதான் சட்டைப் பையில அடங்குது. ஆனா இந்தக் கூரை முகடு இருக்கே, இதுல கோணம் துளி பிசகினாலும் உருவம் ரெண்டாயிரும். விலையெல்லாம் இந்த முகட்டுலதான் இருக்கு."

வீட்டுக்கார அம்மா மொழி புரியாமலே அந்தக் கிழங்கை வாங்கிப் பார்த்து, முகட்டைக் கட்டைவிரலால் தடவி, இல்லை என்று தலையாட்டினார். கோணம் சரியில்லையாம். சிரித்தபடியே இன்னும் கொஞ்சம் சீவிக் கொடுத்தார்.

போரோ என்ற இத்தாலியர் தன் பட்டகத்துக்கு 1854-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அன்றைய கண்ணாடி அதற்கு ஈடு கொடுக்கவில்லை. 1870-களில் இதே யேனாவில் ஸைஸின் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே முயன்று பார்த்து, கண்ணாடி போதாமல் நிறுத்தினார். 1884-இல் ஓட்டோ ஷாட் இங்கே கண்ணாடி ஆய்வுக்கூடம் தொடங்கிய பிறகுதான் தெளிவான கண்ணாடி கிடைத்தது. 1894-இல் ஸைஸ் பட்டகப் பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நாற்பது வருடம் ஒரு நல்ல யோசனை நல்ல மூலப்பொருளுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. இதே ஆலையில் 1900-இல் அபே எட்டு மணி நேர வேலைநாளையும் கொண்டு வந்தார் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. கண்ணைக் கசக்கி வேலை செய்பவர்களுக்கு அதைவிடப் பெரிய கொடை எது?

இன்னொரு செய்தியையும் அடுக்களையில்தான் தெரிந்துகொண்டேன். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கு பங்கு வெளிச்சம் திரும்பிப் போய்விடும். பத்துப் பரப்பைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். "வாசலுக்கு வாசல் சுங்கம் கட்டுற மாதிரி மாமா" என்றாள். 1935-இல் ஸைஸில் இருந்த அலெக்ஸாண்டர் ஸ்மகூலா, கண்ணாடி மேல் மெல்லிய படலம் பூசி அந்தச் சுங்கத்தைக் குறைத்தார். கூரைப் பட்டகத்துக்கு இன்னொரு நோய் இருந்தது: முகட்டின் இருபுறமும் வரும் ஒளியலைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் கூர்மை மழுங்கும். அதற்கான பூச்சை ஸைஸ் 1988-இல் கொண்டு வந்தது. சட்டைப் பைக்குள் போகும் பைனாகுலர் பெரியவற்றோடு போட்டியிடத் துணிந்தது அதன் பிறகே.

உருண்டைகள் வெந்து வந்தன. உள்ளே வறுத்த ரொட்டித் துண்டு, வெளியே வழுவழுவென்று கிழங்கு. குழம்பு ஊற்றிக் கத்தி படாமல் முள்கரண்டியால் பிளக்க வேண்டும். நம் வீட்டுக் கொழுக்கட்டையைக் கத்தியால் வெட்டினால் அம்மாவுக்கு வருமே ஒரு கோபம், அது அந்த அம்மாவின் முகத்தில் ஒரு முறை வந்து போனது.

சாப்பிட்ட பிறகு அவர் அலமாரியிலிருந்து சிறிய உறை ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தார். மகன் வாங்கித் தந்த ஸைஸ் விக்டரி பாக்கெட், எட்டுக்கு இருபத்தைந்து. மலைக்குப் போகிறீர்களே, எடுத்துப் போய்விட்டுக் கொண்டு வாருங்கள் என்றார். முந்தின நாள்தான் அறிமுகம். அதன் விலைக்கு எங்கள் ஊரில் நல்ல கறவை மாடே வாங்கலாம்.

மாலையில் லொய்ட்ரா பள்ளத்தாக்குக்குப் போனோம். சுண்ணாம்புச் சரிவில் புல்லுக்கு நடுவே ஊதா ஆர்க்கிட்டுகள் தரையிலிருந்தே முளைத்து நின்றன. நம் மேற்கு மலையில் மரக்கிளைகளில் அண்ணாந்து தேடிப் பழகிய கண்ணுக்கு, ஆர்க்கிட்டுக்காகக் குனிவது புதிது. பாதையை விட்டு இறங்கக் கூடாது. அங்கேதான் இந்தக் குட்டி பைனாகுலர்களின் இன்னொரு அருமை புரிந்தது. ஸைஸ் இரண்டு மீட்டருக்கும் குறைந்த தூரத்தில் தெளியும். நின்ற இடத்திலிருந்தே பூவின் உதட்டில் உள்ள புள்ளிகளை எண்ணினேன். ஒரு வண்ணத்துப்பூச்சி நாக்கைச் சுருட்டியதைப் பார்த்தேன்.

இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபோது முதலில் உறைத்தது அகலம். ஆயிரம் மீட்டர் தொலைவில் ஸைஸ் 130 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது. என் லைக்கா சுமார் 110. காகிதத்தில் இது சின்ன வித்தியாசம். பறக்கும் பூச்சியைத் தொடரும்போது சின்னதாகத் தெரியவில்லை. ஸைஸுக்கு ஒரே கீல், அதுவும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக. ஒரு குழாய் இன்னொன்றின் கீழ் மடங்குகிறது. ஒரே அசைவில் விரிந்து கண்ணுக்கு நேராகிவிடும். என் லைக்காவில் இரண்டு கீல்களையும் ஒவ்வொரு முறையும் என் கண் அகலத்துக்குத் திருப்பிக் கூட்ட வேண்டும். பதினோரு வருடப் பழக்கத்தில் என் விரல்கள் அதைத் தாமே செய்துவிடுகின்றன. ஸைஸ் 290 கிராம். அந்த ஐம்பது கிராம் அதிகத்தைச் சட்டைப் பை உடனே கண்டுபிடித்துக் கொஞ்சம் தொங்கியது.

இன்ஸ்புருக்: பனிமேல் வெயில்

ஆஸ்திரியாவுக்கு அக்கா மகளும் என்னோடு வந்தாள். இன்ஸ்புருக்கில் நகரத் தெருவில் ஏறி, மூன்று வண்டி மாறி, அரை மணி நேரத்தில் 2,200 மீட்டருக்கு மேலே ஹாஃபெலேகார் முகட்டில் நின்றோம். ஜூன் மாதத்திலும் பாறை மடிப்புகளில் பனி. ஒரு பக்கம் கீழே இன் ஆறும் நகரமும் விமான ஓடுதளமும். மறுபக்கம் கார்வெண்டல் மலைத்தொடர். ஒரு வீடு தெரியவில்லை.

காக்கைகள் வந்தன. மஞ்சள் மூக்கு, சிவந்த கால். ஆல்ப்ஸ் மலைக்காக்கை. எங்கள் கையில் இருந்த ரொட்டிக்காகத்தான் வந்தன. அமாவாசைச் சோற்றுக்கு வரும் நம் காக்கையின் அதே உரிமை. அக்கா மகள் "கா கா" என்று கூப்பிட்டே விட்டாள். பிறகு அவை விளிம்பிலிருந்து குதித்து, சிறகசைக்காமல் காற்றில் சாய்ந்து, எங்களுக்குக் கீழே பறந்தன. பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது எங்கள் சமவெளிக்காரர்களுக்கு எளிதில் கிட்டாத காட்சி.

அந்த வெயிலில் பனி கண்ணைக் கூசச் செய்தது. லைக்காவையும் ஸைஸையும் மாற்றி மாற்றி வைத்தேன். வெளிச்சத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. கண்மணி சுருங்கிவிட்டது, இரண்டரை மில்லிமீட்டரே தாராளம். வெட்ஸ்லார்ப் பெரியவரை நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் காலை எட்டுக்கே இப்படித்தான் வெயில் அடிக்கும். திருநெல்வேலிப் பகலுக்கு இருபது மில்லிமீட்டர் போதும் என்று அங்கே உறுதியாகச் சொல்லிக்கொண்டேன்.

அப்சாம்: சன்னல் கண்ணாடியில் ஒரு முகம்

இன்ஸ்புருக்குக்குக் கிழக்கே, பெட்டெல்வுர்ஃப் மலையின் காலடியில் அப்சாம். ஸ்வரோவ்ஸ்கி ஒப்டிக் இருக்கும் ஊர். போஹீமியாவிலிருந்து வந்த டேனியல் ஸ்வரோவ்ஸ்கி 1895-இல் அருகிலுள்ள வாட்டென்ஸில் நீர்விசையை நம்பிக் கண்ணாடிக் கல் அறுக்கத் தொடங்கினார். அவர் மகன் வில்ஹெல்முக்கு வானத்தைப் பார்ப்பதில் மோகம். 1935-இல் தனக்காகவே ஒரு பைனாகுலர் செய்துகொண்டார். 1949-இல் இந்த ஊரில் அதையே தொழிலாக்கினார். முதல் பைனாகுலரின் பெயர் ஹபிஹ்ட். ஒரு வகை வேட்டைப் பருந்து.

அவர்களுக்கு மூன்று நூற்றாண்டு முன்பே இதே ஊரில் யாகோப் ஷ்டைனர் என்பவர் வயலின் செய்தார். ஐரோப்பா முழுக்க அவருடைய வயலின்களைத் தேடி வாங்கினார்கள். சின்ன ஊர், மரத்திலும் கண்ணாடியிலும் நுண்வேலை.

ஊர்க் கோயிலுக்குப் போனோம். 1797 ஜனவரி 17 அன்று ரோஸினா பூஹர் என்ற இளம்பெண் வீட்டு சன்னலோரம் இருந்தபோது, கண்ணாடிச் சில்லில் ஒரு பெண்முகம் தெரிந்ததாம். சில்லைக் கழுவினார்கள், சோதித்தார்கள்; முகம் போகவில்லை. மாதா என்று ஊர் முடிவு செய்தது. அந்தச் சில் இன்றும் பலிபீடத்தில் இருக்கிறது, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக. ஒரு பாட்டி முழந்தாளிட்டிருந்தார். வேளாங்கண்ணியில் பார்த்த அதே முகபாவம். என் சட்டைப் பையில் பைனாகுலர் இருந்தது. அங்கே அதை எடுக்கத் தோன்றவில்லை. அவர் எழுந்து போன பிறகு அருகில் போய் வெறுங்கண்ணால் பார்த்தேன். மங்கலான கோடுகள், சாய்ந்த ஒரு தலை.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரருக்கு எழுபதுக்கு மேல். அவர் மனைவி சீஸும் பழைய ரொட்டியும் பிசைந்து தட்டி, பொரித்து, சூடான ரசம் போன்ற தெளிநீரில் போட்டுத் தந்தார். ரசவடை என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கினேன்.

பேச்சு பைனாகுலருக்கு வந்ததும் பெரியவர் தன்னுடையதைக் கொண்டு வந்தார். ஸ்வரோவ்ஸ்கி சிஎல் பாக்கெட், எட்டுக்கு இருபத்தைந்து. ஆக மேசை மேல் மூன்று. நாலரை மணி வெயிலில் தோட்டத்துக்குத் தூக்கிப் போனோம். 345 கிராம், மூன்றில் கனமானது அதுதான். காட்டும் அகலம் 119 மீட்டர், ஸைஸுக்குச் சற்றுக் குறைவு. இரட்டைக் கீல், லைக்கா போல. ஆனால் கண்ணில் வைத்தவுடன் படம் முழுசாக வந்து நின்றது. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். லைக்காவில் விளிம்பு கொஞ்சம் நறுக்கப்பட்டுத்தான் தெரியும். கண்ணை அங்கும் இங்கும் நகர்த்தி அந்தச் சின்னப் பொட்டைப் பிடிக்க வேண்டும். இதில் தேடல் இல்லை. அக்கா மகளுக்குக் கண்ணாடி கிடையாது. அவளுக்கு மூன்றிலும் இந்த வேறுபாடே தெரியவில்லை. ஸைஸின் அகலத்தைத்தான் விட மனமில்லை என்றாள்.

இப்போது யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்கு ஸ்வரோவ்ஸ்கி. பறப்பதைத் தொடர்பவர்களுக்கு ஸைஸ். எடுத்துப் போவதே தெரியாமல் தினமும் கூட இருக்க வேண்டும் என்றால் லைக்கா. மூன்றும் அரை லட்சம் ரூபாயைத் தாண்டும். அந்தப் பணம் இல்லாதவர், அதில் பத்தில் ஒரு பங்குக்கு எட்டுக்கு முப்பத்திரண்டு ஒன்றை வாங்கினால், பை கனக்கும். ஆனால் குளக்கரை விடியலில் இந்த மூன்றையும்விட வெளிச்சமாகவே பார்ப்பார். இதைச் சொல்லாமல் விட்டால் தவறு.

ஹால்டால்: கடைசி வெளிச்சம்

பொழுது மங்கும் நேரத்தில் பெரியவர் எங்களை ஹால்டால் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனார். 1967 வரை இந்த மலைக்குள் உப்பு எடுத்தார்கள். இப்போது பழைய உப்புப் பாதையில் நடக்கிறவர்கள் மட்டும். இரு பக்கமும் செங்குத்துப் பாறை. சூரியன் எப்போதோ போய்விட்டது. வைஸென்பாஹ் ஓடை சத்தமாக இறங்கியது. அந்தப் பயணத்தில் நான் கேட்ட முதல் ஆற்றுச் சத்தம்.

ஒரு சாம்பல் வாலாட்டி முதலில் வந்தது. புரட்டாசி பிறந்தால் மாஞ்சோலை ஓடைகளில் நான் பார்க்கும் அதே இனம். எங்களிடம் வருபவை இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருபவை. இது வேறு கூட்டம். ஆனாலும் ஊர்க்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

"அங்கே" என்று பெரியவர் கைகாட்டினார். ஓடை நடுவில் ஒரு கல். கல்லின் மேல் குண்டாக ஒரு பறவை. ஜெர்மனில் வாஸர்ஆம்ஸெல், நீர்க்கருங்குருவி. பாயும் தண்ணீருக்குள் மூழ்கி அடியில் நடந்து புழு தேடும். எங்கள் மலைகளில் இது கிடையாது. நாற்பது மீட்டர் இருக்கும். லைக்காவை வைத்தேன். கல் தெரிந்தது, பறவையும் கல்லாகவே தெரிந்தது. ஸைஸை வைத்தேன். இருபதின் வர்க்கம் நானூறு, இருபத்தைந்தின் வர்க்கம் அறுநூற்று இருபத்தைந்து. ஒன்றரை மடங்குக்கு மேல் வெளிச்சம். மார்பில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. ஸ்வரோவ்ஸ்கியிலும் அதே திட்டு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பெரியவர் தோளில் மாட்டியிருந்த தோல்பையைத் திறந்தார். ஹபிஹ்ட், ஏழுக்கு நாற்பத்திரண்டு. பழைய போரோ உருவம். அவருடைய அப்பா வேட்டைக்கு எடுத்துப் போனது. கையில் வாங்கியதும் அரைக் கிலோவுக்கு மேல் கனம் இறங்கியது. முதலில் கையை நீட்டி, மேலே மிச்சமிருந்த வானத்துக்கு நேராகப் பிடித்து, பொட்டைப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர்.

பெரியவர் அதைக் கவனித்துவிட்டார். யார் சொல்லிக் கொடுத்தது என்று அக்கா மகளிடம் கேட்டார். வெட்ஸ்லாரில் ஒருவர் என்றாள்.

கண்ணில் வைத்தேன். ஓடைக்கு விடிந்துவிட்டது. பாசியின் பச்சை, நுரையின் வெள்ளை, பறவையின் காப்பிக்கொட்டை நிறத் தலை, பால் வெள்ளை மார்பு. அது முழங்கால் மடக்கி மடக்கி எழுந்தது. ஒரு முறை கண் சிமிட்டியது. இமை வெள்ளை வெளேரென்று மின்னியது.

"இதைத் தினமும் எடுத்து வருவீர்களா என்று கேளம்மா" என்றேன்.

அவள் கேட்டாள். பெரியவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டிவிட்டு ஏதோ சொன்னார்.

"விருந்தாளி வந்தா மட்டும்தானாம் மாமா. மத்த நாள்ல சின்னதுதான் கூட வருமாம். வெளிச்சம் போனதும் வீட்டுக்குத் திரும்பிடுவாராம்."

பறவை கல்லிலிருந்து தண்ணீருக்குள் இறங்கியது. ஹபிஹ்டை அவள் கையில் கொடுத்தேன். எங்கே எழும் என்று சுழிப்பைப் பார்த்தபடி மூன்று பேரும் நின்றோம்.